பன்னிரண்டாவது குழந்தை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் மனைவியை ஏமாற்றினார். அந்த ஏமாற்று இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. மற்ற கணவர்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் அது சாதனைதான்.

ஊரார் கண்ணைச் சரிசெய்வது அவர் தொழில். பழைய குழந்தைப் படங்களைச் சேர்ப்பது அவர் பைத்தியம். நூறு வருஷத்துக்கு முந்தைய தபால் அட்டைகள், மூலை மழுங்கிய மழலைப் பாட்டுப் புத்தகங்கள், எதில் ஒரு குழந்தையைக் கொழுகொழுவென்று வரைந்திருந்தாலும் அது அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். தன்னைவிடப் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். கவுன் நுனியை வாத்து கவ்வி இழுக்க, அழுவதா சிரிப்பதா என்று யோசிக்கும் ஒரு பெண். எல்லாருக்கும் சிவந்த கன்னம். ஒருத்தருக்கும் மூக்கு ஒழுகாது. சொந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அழுதால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்ட மனுஷன், இந்தக் குழந்தைகளை வெயில் படாமல், ஈரம் படாமல், பூச்சி அண்டாமல் வளர்த்தார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவள் அறையில் இவர்கள் குடியேறினார்கள். வாடகையும் கிடையாது, காலி செய்கிற உத்தேசமும் கிடையாது.

அவர் மனைவி நிஜக் குழந்தைகளுக்குக் கவுன் தைப்பவள். அவளுடைய தையல் மிஷின் சமையலறையில் அடுப்புக்கு இரண்டடி தள்ளி இருந்தது. அளவு கொடுக்க வரும் குழந்தைகள் பாத்திரங்களுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் வாணலியிலிருந்து எண்ணெய் தெறித்து, தைத்து முடித்த வெள்ளைக் கவுன் ஒன்று பாழாகிவிட்டது. அதை அப்படியே கொண்டுவந்து கணவரின் மடியில் போட்டாள். அவளுடைய தம்பியும் அன்று வீட்டில் இருந்தான்.

“அந்த ரூம் எனக்கு வேணும்ங்க. ஜன்னல் இருக்கு, வெளிச்சம் இருக்கு. உங்க பிள்ளைங்களைப் பரண்ல ஏத்துங்க.”

“கொஞ்சம் பொறு. மாசத்துக்கு ஒண்ணா பன்னிரண்டு குழந்தைங்க வரிசை ஒண்ணு வச்சிருக்கேன்ல, அதுல பதினொண்ணு கிடைச்சாச்சு. பன்னிரண்டாவது வந்த அன்னைக்கு ரூம் உனக்கு. அதுக்கப்புறம் ஒரு அட்டைகூட வாங்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

தம்பி சாட்சி. அவன் ஒரு அச்சுக்கூடம் நடத்துகிறவன். வாயால் சொன்னதையும் அச்சில் ஏறிய மாதிரி நினைவில் வைத்துக்கொள்வான்.

கடைக்காரர் மனசார நம்பித்தான் சொன்னார். அந்தப் பன்னிரண்டாவது அட்டையைப் பார்த்தவர்களே யாரும் இல்லை. ஆனால் அடுத்த மாசமே, ஒரு பழைய புத்தகக் கடையில், கிழிந்த அகராதிக்குள்ளிருந்து அது அவர் காலடியில் வந்து விழுந்தது. முக்காலி மேல் ஏறி நின்று, தன் தம்பியின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிடும் ஒரு சின்னப் பெண். ஒரு பொத்தானைத் தவறவிட்டிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை பொறுப்பு. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு வாசல் வரை அவர் சந்தோஷமாகத்தான் வந்தார். வாசலில்தான் சத்தியம் ஞாபகம் வந்தது.

அந்த அறைச் சுவரில் கடையிலிருந்து கழித்துக்கட்டிய ஒரு கண் பரிசோதனைப் பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. எல்லாரும் பலகையின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருடைய இருபது வருஷத் தொழில் அனுபவம். அட்டையை அதன் பின்பக்கத்தில் செருகினார். வெளியே வந்து, இன்றைக்கும் கிடைக்கவில்லை என்று மனைவியிடம் பெருமூச்சு விட்டார். அவள் பாவம் என்று காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பன்னிரண்டாவதைத் தேடிக் கிளம்பினார். தேடப் போன இடத்தில் வேறு நாலு கிடைத்தால் விட்டுவிட்டு வர முடியுமா? அறை நிரம்பியது. சமையலறையில் மிஷின் ஓடியது. இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு நாற்பது கவுன் தைக்கும் வேலை வந்தது. இடமில்லாமல் அதை வேண்டாம் என்று சொல்லப்போவதாக அவள் சொன்னபோது அவருக்கு மனசு உறுத்தியது. உறுத்தலை மறக்க இரண்டு பாட்டுப் புத்தகம் வாங்கிவந்தார்.

போன ஞாயிறு காலை மச்சினன் ஒரு சின்ன வேனோடு வந்து இறங்கினான். கையில் அளவு நாடா. மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு அட்டையைக் கணவரிடம் நீட்டினாள்.

“இதுதானா பாருங்க. தம்பி கடைக்கு வந்த யாரோ கொடுத்தாங்களாம்.”

முக்காலி. சின்னப் பெண். தவறிய பொத்தான். வலது மூலையில் அவருக்கு நன்றாகத் தெரிந்த அதே மடிப்பு. கண்டுபிடித்துவிட்டாள். இது என்னுடையது, என் பலகையிலிருந்து எடுத்தது என்று சொல்லலாம். சொன்னால் இரண்டு வருஷப் பெருமூச்சும் அம்பலமாகிவிடும். ஓடிப்போய்ப் பலகையைப் பார்க்கலாமென்றால், மச்சினன் அந்த அறை வாசலில் குறுக்கே நின்று கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான்.

ஒரே வழிதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். உறையோடு அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பார்த்தாரே தவிர, ஒன்றையும் பார்க்கவில்லை. தெரிந்த பொருளைப் பார்க்க என்ன இருக்கிறது?

“போலி,” என்றார்.

“நல்லா பாத்தீங்களா?”

“இந்த வேலையில எனக்குக் கண்ணு தப்பாது. சுத்தப் போலி. பாவம், யாரோ உன் தம்பியை ஏமாத்திட்டாங்க.”

மச்சினன் நாடாவைச் சுருட்டினான். வேனைத் திருப்பி அனுப்பிவிடவா என்று அக்காவைக் கேட்டான். அவள் கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டு, கணவரிடமிருந்து அட்டையை வாங்கி உறையிலிருந்து உருவினாள். மிஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

“என்ன பண்ற?”

“போலிதானே. இந்தப் பொண்ணு நல்லா இருக்கா. இவளை மட்டும் வெட்டி எடுத்து, கவுன் வைக்கிற பெட்டி மேல ஒட்டிக்கறேன்.”

கத்தரிக்கோல் திறந்தது. முக்காலியின் காலுக்குக் கீழே வந்து நின்றது. கடைக்காரர் அவசரமாகக் கணக்குப் போட்டார். அறை போனால் பரண் இருக்கிறது. இந்தப் பெண் போனால் இன்னொருத்தி உலகத்தில் இல்லை. இரும்பு காகிதத்தைத் தொட்டது.

“வெட்டாதே. அது அசல்.”

“இப்பதானே போலின்னீங்க?”

“தப்பா பாத்துட்டேன். அசல்தான். சத்தியமா அசல்.”

“தம்பி, உங்க மாமா சொன்னது கேட்டுதா?”

“கேட்டுதுக்கா.”

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொழுகொழு குழந்தைகள் தகரப் பெட்டிகளில் அடைபட்டுப் பரண் ஏறினார்கள். மிஷின் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தது. நாற்பது கவுனுக்கான துணிக் கட்டுகளை வேனிலிருந்து இறக்கி, கடைக்காரரே தோளில் சுமந்துவந்து அடுக்கினார். பள்ளிக்கூடத்துக்குப் போன வாரமே அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பன்னிரண்டு பேரும் பத்திரம். இனி ஒளித்துவைத்துப் பார்க்க வேண்டாம்.

சுவரில் பலகை மட்டும் பாக்கி. அங்கே துணி மாட்ட ஆணி வேண்டுமாம், அதைக் கழற்றிவிடச் சொன்னாள். காலிப் பலகைதானே என்று அலட்சியமாகக் கழற்றித் திருப்பினார். பின்பக்கத்தில், அவர் இரண்டு வருஷத்துக்கு முன் செருகிய இடத்தில், செருகியபடியே, அந்தச் சின்னப் பெண் தம்பிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோலிலிருந்து மீட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்த அட்டையைக் கடைக்காரர் எடுத்தார். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். காலையில் பார்த்த மூலை மடிப்பை விரலால் தடவினார். மடிப்பே இல்லை, வழவழவென்றிருந்தது. மடிப்பும் படத்தோடு சேர்ந்து அச்சாகியிருந்தது. மச்சினனின் அச்சுக்கூடத்து வேலை. காலையில் அவர் சொன்ன பொய்தான் உண்மை. சத்தியம் பண்ணிச் சொன்ன உண்மைதான் பொய். யாரிடம் போய் முறையிடுவது? வாயைத் திறந்தால், பலகைக்குப் பின்னால் அட்டை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மிஷின் சத்தம் நின்றது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல், மனைவி சொன்னாள்:

“ரெண்டுல எது அசல்னு தெரியலன்னா கேளுங்க, நான் காட்டறேன்.”