பதினோரு விநாடி அலறலும் பதினெட்டு வயதும்

அன்பும் மரியாதையும் (இன்றைக்கு மரியாதை சற்றுக் குறைவு) நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே என் இரத்த அழுத்தத்தைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பற்ற வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? போனில் சொன்னால் நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான் மாப்பிள்ளை. விடுமுறைக்கு வந்த என் மகளை, "சும்மா சுத்திப் பாக்கட்டும் அத்தான்" என்று சொல்லி, நீங்கள் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே ஏதோ பேய்ப் படத்துக்கு டப்பிங். கதாநாயகிக்கு அலறல் வரவில்லையாம், எப்படிக் கத்தினாலும் தும்மல் மாதிரியே இருந்ததாம். உடனே உங்களுக்கு, எங்கள் வீட்டுக் குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்து உங்கள் மருமகள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது நினைவுக்கு வந்துவிட்டது. மைக் முன்னால் நிறுத்தினீர்கள். பதினோரு விநாடி அலறினாள். ஒரே டேக்கில் ஓகே. நானும் என் மருந்துக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், காய்ச்சல்காரர் என்றும் பார்க்காமல், நிறுத்தி வைத்துப் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டீர்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்று தணிக்கைக் குழு சான்றிதழ் கொடுத்துவிட்டதாம். காரணம் ரத்தமில்லை, கெட்ட வார்த்தையுமில்லை. "அந்த அலறல்தான் அத்தான். சின்னப் பசங்க தாங்க மாட்டாங்களாம்!" என்கிறீர்கள், அதுவும் ஏதோ பரிசு வாங்கியவர் குரலில். என் மகளுக்கு வயது பதினேழு வருடம் பத்து மாதம். அவள் தொண்டையிலிருந்து வந்ததை அவள் காது கேட்கக் கூடாதா? தன் சத்தத்துக்குத் தானே பயந்து கெட்டுப்போய்விடுவாளா? மைக் முன்னால் நிறுத்தியபோது யாராவது வயதைக் கேட்டார்களா? இது எந்த ஊர் நியாயம் ஐயா?

சனிக்கிழமை பகல் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். மகள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள், கேட்காமல் திரும்ப முடியாது. உங்கள் அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கள் அக்காவின் கைப்பையை மாட்டிக்கொண்டு, வங்கி மேலாளர் மாதிரி நடந்து, கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் தூணில் முட்டிக்கொண்டாள். டிக்கெட் கிழிப்பவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பிறந்த தேதி சொல்லும்மா" என்றார். இவள் உண்மையான தேதியைச் சொல்லித் தொலைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்ததே நான்தான், அந்த எரிச்சல் வேறு.

"சார், படத்துல கத்தறதே இவதாங்க!" என்றேன்.

"அப்படியா? ரொம்ப நல்லா கத்தியிருக்காங்க சார். நேத்து ஒருத்தர் மயக்கம் போட்டுட்டாரு. ஆனா உள்ள விட முடியாது."

ரெண்டே மாதம்தானே குறைகிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று நான் குழைந்திருக்கக் கூடாது. அந்த மனிதர் என்னை உற்றுப் பார்த்தார். "போன வாரம் தூக்க மாத்திரைக்கு உங்க கடைக்கு வந்தேன். டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்னீங்க. கொஞ்சம் பாத்து செய்யுங்கன்னேன். சட்டம் ஆளுக்கு ஆள் மாறுமான்னு கேட்டு அனுப்பிட்டீங்க. அதுவும் சரிதான்னு நானும் தூங்காமயே கிடக்கறேன் சார்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உங்கள் அக்கா அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். மாத்திரையும் சினிமாவும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்கப்பா. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். பேய்ப் படம் என்றால் எனக்கு ஆகாது, இது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் போனேன். ஒரு கதவு தானாகத் திறப்பதையும் மூடுவதையும் நாற்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு வந்தது. வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. தெரிந்து என்ன செய்ய? நான் பெற்ற பிள்ளையின் குரல் நாலு சுவரிலிருந்தும் அலறுகிறது, என் கால் என்னைக் கேட்கவில்லை. யார் யார் மடியையோ மிதித்துக்கொண்டு, ஒருவர் ஐஸ்கிரீமைத் தட்டிவிட்டு, வாசலுக்குப் பாய்ந்து கதவைத் தள்ளினால் கதவு அவள்மேல் இடிக்கிறது. அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் பாவம்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"தெரியலம்மா. ரெண்டாவது விநாடியே ஓடி வந்துட்டேன்."

கதவு தடிமன், அவளுக்கும் கேட்கவில்லை.

ஆகவே இதை உத்தரவாகவே எழுதுகிறேன். அலறலைச் சுருக்கினால் எல்லோருக்குமான சான்றிதழ் தருவதாகக் குழு சொன்னது என்று நீங்களே சொன்னீர்கள். இயக்குநரைப் பிடித்து, பதினோரு விநாடியை மூன்று விநாடியாக வெட்டச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு என் ஆசிகள், குழந்தைகளுக்கு முத்தங்கள். உங்களுக்கும் ஆசி உண்டு, வெட்டிய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் அக்காவோடு சேர்த்து உங்களையும் கட்டிக்கொண்டு அவதிப்படும்
அத்தான்

பி.கு.: மடிப்பதற்குள் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "மூணு விநாடியா? என் அலறலை வெட்டிட்டு, அப்புறம் எதைப்பா நான் போய்ப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். எனவே மேலே இருப்பதை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை விநாடி குறைந்தாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன். குழு செய்தது சரி, டிக்கெட் கிழிப்பவர் செய்தது ரொம்பச் சரி. அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது. அதுவரை படம் அந்தத் தியேட்டரை விட்டுப் போகக் கூடாது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அனுப்பிவையுங்கள். நாளைப் பகல் காட்சிக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி போகிறேன். "பயமா இருந்தா காதுல பஞ்சு வச்சுக்கோங்கப்பா" என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.