தலையில் சேவலோடு முன்வரிசையில்

தலையில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லித்தர உலகத்தில் எப்போதும் ஆள் இருக்கும். சின்ன வயதில் தலையை விரித்துப்போடாதே என்றார்கள். கலியாணம் முடித்த பிறகு பூ வைக்காமல் வெளியே போகாதே என்றார்கள். கணவர் போன பிறகு பூவைத் தொடாதே என்றார்கள். மூன்றையும் கேட்டு நடந்தவள் நான். அதற்குப் பிறகு ஒரே ஒரு சாமானை நானாகத் தெரிந்தெடுத்துத் தலையில் வைத்தேன். அது தீப்பிடித்தது.

இது 2011ஆம் ஆண்டு, சிட்னியில், என் கடைசி மகன் சுதனின் கலியாணத்தில் நடந்தது. (நான் ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவள். மெல்ல மெல்லத்தான் எழுதுவன். நீங்களும் மெல்ல வாசியுங்கோ.)

சுதன் கட்டியது கேற் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையை. இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. என் இடியப்பத்தைச் சொதி விட்டுக் கையால் குழைத்துச் சாப்பிடுகிற பிள்ளை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலை வேறு.

மூத்தவன் ரவியின் கலியாணம் என் கணவர் இறந்து அடுத்த வருடம் நடந்தது. தாய் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் கணவரின் தமக்கை பூமணி மச்சாளும் அவருடைய வீட்டுக்காரரும் நின்றார்கள். நான் மண்டபத்தின் கடைசிக் கதிரையில். யாரும் என்னைப் பிடித்து அங்கே இருத்தவில்லை. நானே போய் இருந்தேன். நல்ல காரியத்தில் என் நிழல் விழுந்து பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் என்று எனக்கே பயம். ரவி தாலி கட்டியதை நான் காணவில்லை. நான் கண்டது அவனுடைய தலைப்பாகையின் பின்பக்கம். அதுவும் வீடியோக்காரர் குனிந்த நேரத்தில் மட்டும்.

இனி மிச்சம் ஒரு பிள்ளை, ஒரு கலியாணம். இதையும் தலைப்பாகையின் பின்பக்கமாகப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது என்று எனக்குள் விழுந்துவிட்டது.

அந்த வருடம் சித்திரையில் லண்டன் அரண்மனைக் கலியாணத்தை டிவியில் காட்டினார்கள். வந்த பெண்களின் தலைகளைப் பார்த்து நான் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டேன். ஒருவரின் தலையில் சாப்பாட்டுத் தட்டு. ஒருவரின் தலையில் பறவைக்கூடு. இன்னொருவரின் தலையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அது ஆடியது. ரவியின் மனைவி வசந்தி பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவையின்ரை கலியாணத்திலை தாய்மார் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையிலைதான் இருப்பினம், மாமி."

"புருசன் செத்தவையுமோ?"

"அதை ஆர் கேக்கினம்? தொப்பி போட்டால் முன்வரிசை."

அவள் சும்மா சொன்னாள். அது எனக்குள் போய்க் கதிரை போட்டு இருந்துவிட்டது.

அடுத்த நாள் லிட்கம்மில் இருக்கும் பூமணி மச்சாளுக்குப் போன் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் எது முறை, எது முறைகேடு என்பதற்கு அவர்தான் நீதிமன்றம்.

"மச்சாள், நான் பூ வைக்கக்கூடாது. என்ன?"

"ஓம்."

"இறகு வைக்கலாமோ?"

"என்ன இறகு?"

"தொப்பியிலை வாற இறகு."

அவர் வீட்டுக் குசினியில் குக்கர் இரண்டு முறை விசிலடித்தது.

"தொப்பியைப் பற்றி எங்கடை ஆக்கள் ஒண்டும் சொல்லி வைக்கேல்லைத்தான்," என்றார் கடைசியில். "அதுக்காக, ராசம், நீர் போய்..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன். தீர்ப்பு எனக்குச் சாதகம்.

இனி ஒரே சந்தேகம். லண்டனில் போடுகிறார்கள், சரி. இங்கே கலியாணத்துக்கு வருகிறவர்கள் இன்னும் இதைப் போடுகிறார்களா, இல்லை அதெல்லாம் பழசாகிப் போச்சா? வசந்தியைக் கேட்டேன்.

"இப்ப குதிரைப் பந்தயத்துக்குத்தான் போடுறவை, மாமி. கலியாணத்துக்குப் போட்டால் ஆக்கள் பாப்பினம்."

"பாக்கிறதுக்குத்தானே போடுறது," என்றேன்.

அந்தப் பதில் பிடிக்காததால் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணியைக் கேட்டேன். அவர் தன் விரல் நுனிகளை முத்தமிட்டு, தொப்பி எப்போதும் அழகு என்று காட்டினார். (அவ கடைசியாப் போன கலியாணம் அவவின்ரை கலியாணம் எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.) உண்மையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் கேற். அவளைக் கேட்கவில்லை. மாமியாராகப் போகிறவள் மருமகளிடம் போய்த் தொப்பிக்கு விளக்கம் கேட்பதா? என் கெப்பர் விடவில்லை.

கடைக்கு வசந்திதான் கூட்டிக்கொண்டு போனாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. அந்தச் சாமானுக்குப் பெயர் பசினேற்றர். தொப்பி என்றும் சொல்ல முடியாது. தொப்பி போட்ட குஞ்சு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓர் அப்பம் அளவில் வட்டம். அதன்மேல் வலை. வலையைப் பிய்த்துக்கொண்டு மயில்கழுத்து நிறத்தில் மூன்று நீள இறகுகள். கடைக்காரப் பெட்டை அதை என் கொண்டைக்கு முன்னால் சாய்த்துக் குத்திவிட்டு, "கோர்ஜஸ்" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த நேரத்தில் என் மூளை இருந்த நிலைமை அது.

கலியாணக் காலை. நான் தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறவள். கிளிப் வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்தது. கொண்டை ஊசிகள், றப்பர் பட்டி, கடைசியில் கறுப்பு நூல் என்று வசந்தி அதை என் மண்டையோடு சேர்த்துத் தைக்காத குறை. அறையைவிட்டு வெளியே வந்தேன். ரவி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, தலையிலை ஆரின்ரை சேவல்?"

அந்தப் பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

காருக்குள் இறகு கூரையில் முட்டியது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து மண்டபம் வரைக்கும் என் முழங்காலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தேன். இறங்கி, நிமிர்ந்து, சீலையை உதறி, இராணி மாதிரி உள்ளே நுழைந்தேன்.

மண்டபத்தில் வேறு ஒரு தொப்பியும் இல்லை.

கேற்றின் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சீலை. எல்லோர் நெற்றியிலும் பொட்டு. கேற் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்: தமிழ்க் கலியாணத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்கு மணவறை மறைக்கும், தயவுசெய்து யாரும் தொப்பி போடவேண்டாம். வெள்ளைக்காரர் எல்லோரும் தமிழராக வந்திருக்க, தமிழச்சி நான் ஒருத்தி வெள்ளைக்காரியாகப் போய் நின்றேன். மண்டபம் நிறைந்த எங்கள் சனம் ஒரே நேரத்தில் திரும்பியது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

அப்போது கேற்றின் தாய் மார்கரெட் ஓடி வந்தார். அவரும் கணவரை இழந்தவர்தான். சுதன் முன்பே சொல்லியிருந்தான். நல்ல சிவப்புச் சீலை, பெரிய பொட்டு, கட்டை மயிரில் எப்படிக் கட்டினார்களோ தெரியாது, தலை நிறைய மல்லிகைப்பூ. என்னைக் கட்டிப்பிடித்தார். என் இறகு அவருடைய மூக்குக்குள் போனது. இரண்டு முறை தும்மிவிட்டு மறுபடியும் கட்டிப்பிடித்தார்.

பின்னால் பூமணி மச்சாளின் குரல் கேட்டது.

"புருசன் இல்லாதவ. பூவைப் பார்."

"அவைக்கு அப்பிடி முறை இல்லை, மச்சாள்."

"உமக்கு இருக்கு."

"இது பூ இல்லை, மச்சாள். இறகு," என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில், மணவறைக்குக் கிட்டிய கதிரையில் போய் இருந்தேன். பக்கத்தில் என் உயரத்துக்குக் குத்துவிளக்கு, திரிகள் எல்லாம் ஏற்றி. நான் அதைக் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். வடிவாக இருக்கிறது என்று கவனித்தேன்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்ததற்கு அடையாளமாக, பெற்றவர்கள் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பார்கள். கேற்றின் தாய்மாமன் அவளுடைய கையைப் பிடித்து சுதனின் கையில் வைக்க, மார்கரெட் செம்போடு நின்றார். சுதனின் கையை நான் பார்க்கவேண்டும். சரியாக அந்த நேரம் வீடியோக்காரர் வந்து முன்னால் நின்றார். ரவியின் கலியாணத்தில் மறைத்த அதே முதுகோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த முறை விடுவதாக இல்லை. கதிரையில் இருந்தபடியே தலையை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்தேன்.

கை தெரிந்தது. கூடவே ஒரு மணமும் வந்தது. கோழி வாட்டும் மணம்.

மரக்கறிக் கலியாணத்தில் எவன் கோழி வாட்டுகிறான் என்று எனக்குப் பொல்லாத கோபம். சமையல்காரரைப் பிடித்து ஏசவேண்டும் என்று திரும்பினேன். நான் திரும்பத் திரும்ப மணமும் என்னோடு திரும்பியது. மார்கரெட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு சத்தம் போட்டார். அடுத்த கணம், மகளைக் கொடுப்பதற்காக வைத்திருந்த அந்தச் செம்புத் தண்ணீர் முழுவதும் என் தலையில்.

மேளகாரருக்குத் தண்ணீர் விழுந்ததும் வாசிக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். விழுந்தது. அவர் வாசித்தார்.

மேளம் முழங்க, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, கருகிய இறகோடு நான் இருந்தேன். சிரிப்பு ஒரு பக்கம், ஐயோ என்ற சத்தம் ஒரு பக்கம்.

"நான் சொன்னனான்," என்றார் பூமணி மச்சாள். உரத்து அல்ல. எனக்குக் கேட்கும் அளவுக்கு.

வெட்கம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பழைய பயம்தான் எழும்பியது. தாலி ஏறமுன் நெருப்பு. முன்னுக்கு வந்து இருந்ததால்தானே? பேசாமல் எழும்பி, கடைசிக் கதிரையைப் பார்த்து நடந்தேன். இரண்டு அடி போயிருப்பேன். யாரோ கையைப் பிடித்தார்கள். மார்கரெட். தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தபடி, தன் பக்கத்துக் கதிரையைக் காட்டி இங்கிலிசில் ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை.

மணவறையிலிருந்து சுதன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான்.

"அம்மா, தன்ரை பக்கத்திலை இருக்கட்டாம். இல்லாட்டி தானும் உங்களோடை பின்னுக்கு வாறாவாம்."

"அவ பின்னுக்கு வந்தால் ஆர் தாரை வாக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். வந்து இருங்கோ."

ஐயர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "தண்ணி பட்டால் தோசம் ஒண்டும் இல்லை. அந்த அம்மா இருக்கட்டும். ஆராவது இன்னொரு செம்பு தண்ணி கொண்டு வாங்கோ, முகூர்த்தம் நிக்காது."

வசந்தி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நான் மார்கரெட்டின் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் வார்த்த பிறகு அவர் வந்து இருந்து என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டார். வீடியோக்காரர் குறுக்கே வர, மார்கரெட் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக விட்டார். சுதன் தாலி கட்டியதை நான் முகத்துக்கு நேரே பார்த்தேன். மூன்றாவது முடிச்சில் அவன் நாக்கு நுனி வெளியே வந்தது. சின்ன வயதில் சப்பாத்து நாடா கட்டும்போதும் அப்படித்தான் வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. மார்கரெட் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, நான் சொல்வது விளங்காமலும் தான் சொல்வது எனக்கு விளங்காமலும் மத்தியானம் முழுக்கக் கதைத்துவிட்டுப் போவார். வீட்டில் சொல்லும் கதை இதுதான்: அன்றைக்கு முதலில் தாரை வார்த்தது அம்மாவை, கேற் இரண்டாவது, மேளமும் அம்மாவுக்குத்தான் முதலில் அடித்தது. வீடியோவைப் போட்டுப் போட்டுக் காட்டுவார்கள். (மேளம் வாற இடத்திலை நானும் சிரிக்கிறனான்.)

இரண்டு வருடம் கழித்து ஒரு போன் வந்தது. அதற்கு முதல் வருடம்தான் பூமணி மச்சாளின் கணவர் காலமாகியிருந்தார். அடுத்த மாதம் அவருடைய கடைசி மகளுக்குக் கலியாணம்.

"ராசம், உந்தத் தொப்பி இருக்கோ?"

"எந்தத் தொப்பி, மச்சாள்?" எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"உந்தச் சேவல்."

"அதிலை ஒரு இறகு எரிஞ்சு போச்சு."

"பரவாயில்லை."

"இப்ப அது பாசன் இல்லையாம். குதிரைப் பந்தயத்துக்குத்தான் போடுறவையாம்."

குக்கர் விசிலடிக்கத் தொடங்கியது. அவர் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"எனக்கு முன்னுக்கு இருக்கவேணும், ராசம்," என்றார்.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிட்கம்முக்குப் போனேன். அவரும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர். கறுப்பு நூலும் கொண்டுபோயிருந்தேன். கலியாணத்தன்று பூமணி மச்சாள் இரண்டரை இறகோடு முன்வரிசையில் இருந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மார்கரெட். குத்துவிளக்கை ரவி தூரத் தள்ளி வைத்திருந்தான். எல்லாம் சரி என்று நினைத்து நிமிரும்போது சுதன் வந்தான். ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்து, மச்சாளின் கதிரைக்குக் கீழே ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போனான்.

மச்சாள் குனிந்து பார்த்தார்.

"இது என்ன முறை, ராசம்?"

"எங்கடை குடும்பத்து முறை, மச்சாள்," என்றேன்.