எரிமலையில் நான் பிடுங்கிய கோரை

எனக்குக் கோபம் வந்தால் இன்றும் ஒரு மலையைத்தான் திட்டுவேன். இத்தனைக்கும் நான் மலையே இல்லாத ஊர்க்காரன். மன்னார்குடிப் பக்கம் மேடு என்றால் வாய்க்காலில் தூர் வாரிப் போட்ட மண்தான். அப்படிப்பட்டவனை நியூசிலாந்தில் ஓர் எரிமலை மேல் ஏற்றிவிட்டது என் வாய்.

ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமானம் ஏறிய காலம். எனக்கும் ஆக்லாந்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அது நிரந்தரமானால்தான் மனைவி ஸ்டெல்லாவை அழைத்துக்கொள்ள முடியும். கல்யாணமான நாற்பதாம் நாள் அவளைத் திருக்காட்டுப்பள்ளியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆகவே மேலாளரைக் குளிர வைக்க எதையும் சொல்லத் தயார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "நான் விவசாயி மகன், பத்து வயதிலேயே களை எடுத்தவன்" என்று அளந்துவிட்டேன். (எங்கள் பக்கம் களை எடுப்பது பெண்கள். நான் வரப்பில் குடை பிடித்து நின்றவன்.)

பாவி மனுஷன் அதை மறக்கவில்லை. ஆக்லாந்துக்கு நடுவே எப்போதோ அணைந்துபோன எரிமலை ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்து முளைத்த களைகளை மட்டும் ஆண்டுக்கொரு சனிக்கிழமை எங்கள் ஆபீஸ்காரர்கள் பிடுங்கப் போவார்கள். (வெளிநாட்டிலிருந்து வந்து வேர் விட்டால் களையாம். எனக்கு அப்போதே சுருக்கென்றது.) ஐந்து பேருக்கு என்னைத் தலைவனாக்கினார் மேலாளர்.

மலையைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் அம்மாள், களைகளின் படம் போட்ட தாளை நீட்டினார். 'எனக்கேவா?' என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் என்னை யாராவது அறைந்திருக்க வேண்டும்.

சரிவில் கொத்துக் கொத்தாகக் கோரை. சாட்சாத் நம்மூர் வயலில் நெல்லைக் கெடுக்கும் அதே கோரை! "வேரோடு பிடுங்குங்கள்" என்றேன். ஒரு மணி நேரத்தில் சரிவு மொட்டை. குவித்து வைத்துவிட்டுப் பெருமையாக மார்கரெட்டைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மலைக்கே உரிய அபூர்வப் புல்லாம். விதை போட்டு வளர்த்துப் போன மழைக்காலத்தில்தான் நட்டாராம். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொன்றாக எடுத்து வேரில் ஈரத்துணி சுற்றினார். மேலாளர், "பத்து வயதிலிருந்தா?" என்று மட்டும் கேட்டார். வேலை நிரந்தரமாகும் பேச்சு ஆறு மாதம் தள்ளிப்போனது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "புடுங்குனப்ப அடியில கெழங்கு வந்துச்சா?" என்றார்.

"இல்லப்பா."

"கெழங்கு இல்லாம அது என்னடா கோரை?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "என்னைக்காவது என்னை வயல்ல எறங்க விட்டீங்களா? கால்ல சேறு படக் கூடாது, படி படின்னு வரப்புலயே நிறுத்துனது நீங்கதானே? நான் எந்தக் கெழங்கக் கண்டேன்?" என்று கத்தினேன்.

அப்பா, "ஆத்துல தண்ணி வர்றதே நிச்சயமில்லை. அதுல உன்னையும் எதுக்குடா எறக்கணும்?" என்றார். போனை வைத்துவிட்டேன். கோபம் மட்டும் தணியவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆறு மாதம் தாமதமாக வந்து சேர்ந்த ஸ்டெல்லா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். நான் எதை அடித்துச் சொன்னாலும், "கெழங்கு வந்துச்சா?" என்பாள். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

சில வருடங்கள் கழித்து அப்பா வந்தபோது குடும்பத்தோடு அந்தச் சரிவுக்குப் போனோம். புல் மறுபடி தழைத்திருந்தது. அப்பா குனிந்து, பிடுங்காமல், அடித்தண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"அச்சு அசல் கோரைதான்டா. நானா இருந்தாலும் புடுங்கியிருப்பேன்" என்றார்.

பின்னாலிருந்து ஸ்டெல்லா கேட்டாள்: "கெழங்கு வந்துச்சா மாமா?"