எண்ணற்ற பிள்ளைகளும் ஒரு தண்டவாளத் துண்டும்

கவிதை எழுதுகிறவனிடம் அரசாங்கத்துக்கு மனு எழுதச் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, மலாக்காவில் பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் சாக்கடையில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் முதுகின்மேல் நான் குப்புறக் கிடந்த பிற்பகலே சாட்சி.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாச்சாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, "கடையில நின்னா கல்லாவ பாக்காம வானத்த பாக்கிறான்" என்று சலித்துப்போய், என்னை ரப்பர்த் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாக அனுப்பி வைத்தார். (கிராணி என்றால் குமாஸ்தா. சின்னக் கிராணி என்றால் பெரிய கிராணிக்குத் தேத்தண்ணீர் வாங்கி வரும் குமாஸ்தா.)

அது மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட காலம். காட்டுக்குள்ளும் துப்பாக்கிகள், காட்டுக்கு வெளியேயும் துப்பாக்கிகள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. பால் வெட்டப் போகிறவர்கள் காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கவளம் சோற்றை மறைத்துக் கொண்டுபோகிறார்களா என்று விடியலிலேயே கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். நானோ அந்த முள்கம்பியில் வந்து உட்கார்ந்த ஒரு தும்பியைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு, ஆள் கூப்பிட அதில் விட்டுவிட்டு ஐந்தாறு அடி விழும். விடாமல் அடித்தால் ஆபத்து என்று பொருள். பெண்களும் பிள்ளைகளும் ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும், செங்கல் சுவர் வைத்த புகைவீட்டுக்குள் ஓட வேண்டும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். இந்த விதியை அழகான கையெழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவன் நானேதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அஞ்சலையக்கா ஆபீஸ் படியில் வந்து நின்றார். பால்மரம் வெட்டுகிறவர். இடுப்பில் கண்ணன் என்கிற கைப்பிள்ளை. பின்னால் ஆறு வயது சரசு. அக்கா வேலைக்குப் போனால் தம்பியைத் தூக்கிக்கொள்வது சரசுதான். தம்பியோடு தோட்டத்துப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே சொல்லும் வாய்ப்பாட்டை இவளும் சொல்வாள். கண்ணன் அழுதால் வாத்தியார் விரட்டிவிடுவார். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதிவரைக்கும் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி கண்ணன் அழுகையில் போய்விட்டது.

"தம்பி, ஆயாக் கொட்டாய் ஒண்ணு கட்டச் சொல்லி எழுதிக் குடுங்க. சின்னத விட்டுட்டுப் போக எடம் இருந்தா பெருசு ஸ்கூலுக்குப் போவும். இந்த வருசமும் சேக்கலன்னா அப்புறம் அது ஸ்கூலையே மறந்துரும்" என்றார்.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கைப்பிள்ளைகள் இருந்தால் தோட்டத்துத் துரை ஆயாக் கொட்டகை கட்டி, ஆயா வைத்து, பிள்ளைகளுக்குப் பாலும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. எங்கள் துரை, "அவ்வளவு பிள்ளைகள் இங்கே இல்லை" என்று பதில் எழுதியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஆக, வேண்டியது ஓர் எண். ஒரே ஓர் எண்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "வான்மீன்களைப் போல எண்ணற்ற குழந்தைகள், வேர்க்கால்களில் பூத்த வெண்பூக்களாய் இம்மண்ணில் தவழ்கின்றனர்." நான்கு பக்கம். எழுதி முடித்து நானே அழுதேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. லேபர் ஆபீசர் நேரில் வந்து பிள்ளைகளை எண்ணப் போகிறார். தலைகால் புரியாமல், நான் லயம் லயமாகப் போய் உரக்க அறிவித்தேன்: "நாளைக்கு ஆபீசர் வர்றாரு! எல்லாப் பிள்ளைங்களையும் எண்ணப் போறாரு!"

லயம் சட்டென்று அமைதியானது. (மேடையில் கவிதை வாசித்து முடித்ததும் இப்படி ஓர் அமைதி எனக்கு அடிக்கடி வாய்த்ததுண்டு; எனவே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

பெற்ற பிள்ளையை எண்ணினால் கண்பட்டுவிடும் என்பதை நான் அறியாதவன் இல்லை. என் அம்மாவே, எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "ஏதோ இருக்குதுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் நான் நவீன மனிதன் அல்லவா?

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் வெள்ளைக்காரர், வெள்ளைக் கால்சட்டை, மதராஸில் வாத்தியார் வைத்துத் தமிழ் படித்தவர். என்னைக் கண்டதும் கை கொடுத்தார்.

"உமது விண்ணப்பத்தை வாசித்தேன். எண்ணற்ற குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர். நான் எண்ணவே வந்தேன். அவர்கள் எங்கே?"

லயத்தில் ஒரு பிள்ளை இல்லை. ஒரே ஒரு பிள்ளைகூட இல்லை! அன்று வேலை முடிந்து அம்மாக்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே ஆளில்லாத தூளி ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து தும்மல் கேட்கிறது. கோழிக்கூட்டிலிருந்து கோழி அல்லாத ஏதோ ஒன்று சிணுங்குகிறது.

"பிள்ளையா? அப்படி ஒண்ணும் இல்லைங்களே."

கொடியில் காயும் சின்னச் சின்னத் துணிகளை ஆபீசர் சுட்டிக்காட்டினார். "இவை யாருடையவை?"

முனியம்மாக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதுங்களா? கிராணி தம்பியோடதுங்க."

பெரிய கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் அஞ்சலையக்கா வீட்டுக்கு ஓடினேன். "நீங்களுமாக்கா? நீங்கதான எழுதச் சொன்னீங்க!"

"கொட்டாய் கட்டத்தான் சொன்னேன், எண்ணச் சொன்னனா? எண்ணுவேன்னு தெருத்தெருவா கத்துறியே, அறிவிருக்கா தம்பி? சரசுக்கு அப்புறம் ரெண்ட மண்ணுல வெச்சிட்டு இத பெத்து வெச்சிருக்கேன்."

ஆயிரம் உவமை வைத்திருந்தவன், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளியே ஆபீசர் குறிப்பேட்டை மூடினார். "துரை எழுதியதே உண்மை போலும்." ஜீப்பை நோக்கி நடந்தார். அவர் பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றும் சரசுவின் ஏழாம் வாய்ப்பாட்டை மிதித்துக்கொண்டு போனது. பிள்ளைகளை வெளியே வரவழைக்க வேண்டும். எதைச் செய்தால் எல்லாரும் வெளியே வருவார்கள்? காலையில் எது எல்லாரையும் வரவழைக்கிறது?

ஓடினேன். இரும்புக் கம்பியை எடுத்தேன். தண்டவாளத் துண்டை அடித்தேன். ஐந்தாறு அடியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அளவோடு நிறுத்துவது என் எழுத்திலேயே கிடையாது. விடாமல் அடித்தேன்; உணர்ச்சியோடு அடித்தேன்; கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது உலகம் படுத்திருந்தது.

பெரிய கிராணியைக் காணவில்லை. மேசைக்கு அடியில் அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. ஜீப் டிரைவர் ஜீப்புக்கு அடியில். விதியை நன்றாக அறிந்த ஆபீசர், வெள்ளைக் கால்சட்டையோடு சாக்கடைக்குள் நீளமாகப் படுத்துவிட்டார். காவல்மேடையிலிருந்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் திருப்பினார். தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்த ஒரே மனிதன் நான். கையில் இரும்புக் கம்பி வேறு.

"எவன்டா அவன்!" என்று குரல் வந்ததும் பக்கத்தில் இருந்த பள்ளத்தில் பாய்ந்தேன். பள்ளம் மெத்தென்று இருந்தது. பிறகு அது தமிழில் பேசியது.

"ஐயோ! யார் அது?"

"நான்தான் ஐயா. விண்ணப்பம் எழுதியவன்."

அப்போதுதான் அது நடந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து, கோழிக்கூட்டிலிருந்து, குளியலறையிலிருந்து, விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து, அம்மாக்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு புகைவீட்டை நோக்கி ஓடினார்கள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, கையில் இழுபட்டு ஒன்று. சாக்கடை விளிம்புக்கு மேலே எங்கள் கண்ணுக்கு முன்னால் கால்கள், கால்கள், சேறு தெறிக்கும் சின்னஞ்சிறு கால்கள். நான் எழுதியது பொய்யில்லை. மழைக்கு முன் ஈசல் கிளம்புவதுபோல அப்படி ஒரு கூட்டம்!

என் அடியில் கிடந்த ஆபீசர் ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். இருபதைத் தாண்டியபோது நான் எழுந்திருக்க முயன்று அவர் தலையை மிதித்துவிட்டேன். எண்ணிக்கை தவறிவிட்டது.

ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், என்னை அடிக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆபீசர் சேறு சொட்ட எழுந்து, புகைவீட்டு வாசலுக்குப் போனார். உள்ளே ரப்பர்த் தகடுகளின் புகைமணத்துக்கு நடுவே, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பெண்களே, குழந்தைகள் இருப்பதைக் கண்டேன். ஆனால் எண்ணிக்கை இல்லாமல் நான் ஒன்றும் எழுத முடியாது" என்று ஆபீசர் சொன்னார். வாசலில் கண்ணனைத் தூக்கிக்கொண்டு நின்ற சரசு அவரையே பார்த்தாள்.

அஞ்சலையக்கா மகளைப் பார்த்தார். தரையில் கிடந்த ரப்பர்க் கொட்டை ஒன்றைக் குனிந்து எடுத்தார். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த மங்குக் கிண்ணம் ஒன்றை நிமிர்த்தி, அதில் கொட்டையைப் போட்டார். டிங்.

"பிள்ளைய எண்ணக் கூடாதுங்க. கொட்டைய எண்ணுங்க, அதுக்குக் கண்ணு படாது. ஒரு கைப்பிள்ளைக்கு ஒரு கொட்டை. போடுங்கடி!"

போட்டார்கள். டிங், டிங் என்று மங்கு நிறைந்தது. முனியம்மாக்கா இரண்டு போட்டுவிட்டு, தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, மூன்றாவதும் போட்டார்.

"அது இன்னும் பிறக்கவில்லையே" என்றார் ஆபீசர்.

"அடுத்த மாசம் பொறந்துரும். அப்ப மறுபடியும் சாக்கடையில வந்து படுப்பீங்களா?"

புகைவீட்டுக்குள் முதலில் சிரித்தது ஒரு பதினேழு வயதுப் பெண். அஞ்சலையக்காவின் தங்கை பார்வதி. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். சிரித்தபடியே அந்த மூன்றாவது கொட்டையை மட்டும் எடுத்து மரியாதையாக முனியம்மாக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். மீதி மங்கோடு ஜீப்பில் ஏறி மலாக்காவுக்குப் போனது.

அன்று மாலை பிள்ளைகளுக்கெல்லாம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் எனக்கும் சுற்றினார்கள். ("கண்ணுக்கு இல்ல தம்பி, வாய்க்கு.") பெரிய கிராணி, தண்டவாளத் துண்டை என் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டினார்.

ஆயாக் கொட்டகை வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, வரிசையாகத் தூளிகள், ஓர் ஆயா, காலையில் ஒரு வாளிப் பால். அந்த வாளியைச் சுமப்பது தண்டனையாக எனக்கு விழுந்தது. முதல் நாள் கண்ணனைத் தூளியில் விட்டுவிட்டு, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் வீசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் சரசு நடந்ததை, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அதைப் பற்றி மட்டும் நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் கெட்டுவிடும்.

முதலில் சிரித்த பெண்ணைப் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. எங்கள் பாச்சாங் வீட்டில் யார் மணியடித்தாலும், "படுங்க, படுங்க! அப்பா அடிச்சிட்டாரு!" என்று என் மூன்று பிள்ளைகளும் கத்துவார்கள்.

சென்ற ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தது. வாசல் மணி விடாமல் அடித்தது. நிறுத்தாமல், இரக்கமே இல்லாமல் அடித்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் போய்க் கதவைத் திறந்தார்கள். கக்கத்தில் அரசாங்கப் படிவத்தோடு, மணியில் வைத்த கையை எடுக்காமல் சரசு நின்றாள். இப்போது அவள் ஜாசினில் வாத்தியாரம்மா. பள்ளி விடுமுறையில் வீடு வீடாகத் தலை எண்ணும் வேலை.

"வூட்ல எத்தனை பேரு சித்தி? சட்டப்படி கேக்கிறேன்."

பார்வதி உள்ளே போய், பிள்ளைகள் பல்லாங்குழி ஆடும் டப்பாவிலிருந்து ஐந்து ரப்பர்க் கொட்டைகளைக் கொண்டுவந்து அவளுடைய மற்றக் கையில் வைத்தாள்.

சரசு கொட்டையை எண்ணினாள். ஆட்களைப் பார்த்தாள். "அஞ்சு இருக்கு. நாலு பேர்தான நிக்கிறீங்க?"

"அஞ்சாவது சோபாவுக்கு அடியில கெடக்குது" என்றாள் பார்வதி. "நீ மொதல்ல மணியில இருந்து கைய எடு. எந்திரிச்சி வந்துரும்."