இரண்டு மணி வண்டியைத் தவறவிட்ட விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணனுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. அம்மாவும் அண்ணியும் நீங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான், அதனால்தான் கடிதம். அப்பாவை எடுக்கும்போது நான் ஏன் அங்கே இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு, "அப்பா போயிட்டாருடா. ரெண்டு மணி வண்டியைப் பிடி, சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கோம்" என்றீர்கள். அந்த நேரம் எங்கள் ஆஸ்பத்திரியின் முன்பதிவு இணையதளம் படுத்துக் கிடந்தது. தளத்தை ஓட்டுவதற்கு, கிளவுடில் வாடகைக்கு எடுத்த இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு கம்ப்யூட்டர்கள், எங்களுக்கு உண்டு. அவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சர் என்று ஒருத்தன், வருகிற கூட்டத்தை இரண்டுக்கும் பிரித்து அனுப்புகிறவன். பத்து விநாடிக்கு ஒருதரம் ஒவ்வொன்றையும் "இருக்கியா?" என்று கேட்பான். பதில் வராவிட்டால் செத்ததாக முடிவுகட்டி, ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவான். அன்றைக்கு இரண்டுமே செத்துப்போச்சு என்று சாதித்தான். உள்ளே போய்ப் பார்த்தா ரெண்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அணைச்சு மறுபடி போட்டேன், செத்துப்போச்சுன்னான். புதுசா மூணாவது ஒண்ணைக் கிளப்பினேன், அது பிறக்கும்போதே செத்துப்போச்சுன்னான். மேலாளர் பின்னாடி நின்னுக்கிட்டு, "உயிரோட இருக்கறதை நிரூபிக்க வழியே இல்லையா?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அன்னிக்குச் சிரிச்சது தப்புதான், தெரியும். கடைசியில பார்த்தா, முந்தின நாள் பாதுகாப்புக்குன்னு ஃபயர்வால்ல வேண்டாத கதவையெல்லாம் அடைச்சப்ப, அவன் வந்து கேக்கற கதவையும் சேர்த்து நானே அடைச்சிருக்கேன். சரின்னு திறந்தா, அவன் தட்டறது எண்பதாம் நம்பர் கதவு, நான் திறந்து வெச்சது எட்டாயிரத்து எண்பது. அதையும் திருத்தி, தளம் எழுந்து, டயாலிசிஸ் நோயாளிங்களுக்கு நேரம் கிடைக்க ஆரம்பிச்சப்ப வண்டி போயிடுச்சு.

அம்மாவை ஒரு வேளைகூடப் பட்டினி போட வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களால் முடிகிறபோது என்னை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: தளம் பதினொன்றே காலுக்கே எழுந்துவிட்டது. "இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க, கிளம்புங்க" என்று மேலாளரே அனுப்பிவைத்தார். ஸ்டேஷனுக்கும் போனேன். வண்டி என் முன்னால் வந்து நின்று, கிளம்பியும் போனது. முந்தின நாள் அப்பா போன் பண்ணியிருந்தார். "சும்மாதான்டா, உன் குரலைக் கேக்கலாம்னு" என்றார். "வேலையா இருக்கேன், வைங்கப்பா"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை, அண்ணா.