போயாவில் வராத தொண்டைச் சதை

பலாபத்வலயிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் இருளாண்டிச் சாமி வந்து உட்கார்ந்து மூன்று மாதம். நாலு பேர் கூடினாலே பொலிஸ் ஏனென்று கேட்கும் எண்பத்தாறாம் ஆண்டு அது. சாமியைச் சுற்றி நானூறு பேர் நின்றார்கள், யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் தொண்டைச் சதையைச் சாமி கத்தியில்லாமல் எடுப்பார். கழுத்தைத் தடவி வாய்க்குள் இரண்டு விரலை விடுவார். இரத்தத்தோடு இரண்டு துண்டு வாழையிலையில் விழும். பௌர்ணமிப் போயா நாளில் மட்டும் தொடமாட்டார். முழு நிலவுக்குச் சதை இறுகிப்போகுமாம். சாமி விஞ்ஞானமும் படித்திருந்தார்.

சுந்தரம்மாவின் மகள் ஆறு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். எச்சில் விழுங்கவே அழுதாள். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை முந்தானையில் முடிந்தபடியே இருந்தது. இங்கிலீஷ் மருந்து தின்றால் சதை கையில் சிக்காது என்று சாமியின் உத்தரவு. ஒரே பிள்ளை. சுந்தரம்மா பயந்து செத்துக்கொண்டிருந்தாள். உத்தரவை மட்டும் மீறவில்லை.

வரிசையில் அவளுக்கு முன்னால், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் டொறீன், தன் மகளோடு நின்றாள்.

சாமி அந்தப் பிள்ளையின் கழுத்தைத் தடவினார். "ரெண்டு பக்கமும் நெல்லிக்கா அளவு வளந்திருக்கு தாயி. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மூச்சு நின்னுருக்கும்."

"அப்ப எடுத்துடுங்க சாமி."

எடுத்தார். இரண்டு துண்டு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

டொறீன் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு ஒன்றைக் கூட்டத்தில் நின்ற கங்காணி பொன்னையாவிடம் நீட்டினாள். "சத்தமா வாசிங்க."

போன வருசமே ஒப்பரேசன் செய்து இரண்டு சதையையும் எடுத்தாயிற்று என்று பொன்னையா வாசித்தார்.

"இல்லாத சதை எங்கேருந்து வந்துச்சு சாமி?"

"மறுபடி மொளச்சிருக்கு."

"சரி. அடுத்த பிள்ளைக்குக் கையைக் கழுவிட்டு எடுங்க. மடியில இருக்கிற பொட்டலத்தை இங்க குடுங்க."

சாமிக்கு அவசரமாகத் தியானம் வந்தது. எழுந்தார். பொட்டலம் விழுந்து அவிழ்ந்தது. நறுக்கிய ஈரல்; இன்னும் இருபது பிள்ளைகளுக்குக் காணும்.

சுந்தரம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் பிள்ளை ரொட்டி கேட்டது. சுந்தரம்மா ரொட்டியைச் சுட்டுக்கொண்டே அழுதாள்.

போயாவன்று இறைச்சிக் கடையும் மூடியிருக்கும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சாமியும் கடையும் ஒரே நாளில் லீவு எடுப்பது ஏன் என்று மூன்று மாதமாய் நானூறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது பிள்ளைகளுக்குத்தானே, பெரியவர்களுக்கு என்ன வந்தது?