என் கன்று ஜெயித்த அரை மணி நேரம்

ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தபின் எவனும் கணக்கை மறுபடி பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் தோற்றவர்கள்தான். எங்கள் போட்டியில் தோற்றவள் என் மனைவி ஸ்டெல்லா. (அரை மணி நேரத்துக்கு மட்டும்.)

உத்திரமேரூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். வளர்த்துக் கறிக்கு விற்கலாம் என்று இரண்டு காளைக்கன்றுகள் வாங்கினோம். ஒரே வயசு, ஏறக்குறைய ஒரே எடை. மேய்ச்சலுக்குக் கொழுக்கட்டைப் புல். அதற்கு என்ன சத்து கொடுப்பது என்பதில்தான் சண்டை. நான் யூரியா கட்சி. ஸ்டெல்லாவோ புல்லுக்கு நடுவே முயல்மசால் விதைக்கச் சொன்னாள். அது பயறு வகைத் தீவனச் செடி. காற்றிலிருக்கிற தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும், மாட்டுக்கும் புரதம் கிடைக்கும்.

கடைசியில் நிலத்தைப் பாதியாகப் பிரித்து நடுவில் வேலி போட்டோம். ஆளுக்கொரு கன்று. எது அதிக எடை போடுகிறதோ, அடுத்த மழைக்கு முழு நிலமும் அந்த வழிக்கு.

என் பாதி கரும்பச்சையாக எழும்பியது. தினமும் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்து மாமனாருக்கு அனுப்பினேன். (அவர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.)

எடை பார்க்கும் நாளும் வந்தது. கன்றுகளை ஒவ்வொன்றாகக் குட்டியானை வண்டியில் ஏற்றி, மானாம்பதி சாலையில் இருந்த எடைமேடையில் நிறுத்தினோம். மொத்த எடையில் காலி வண்டியைக் கழித்தால் கன்றின் எடை. ஸ்டெல்லாவின் கன்று சாது, கட்டிய இடத்தில் நின்றது. என்னுடையது துள்ளியது. நானே பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

என் கன்று ஜெயித்தது. சாதாரணமாக இல்லை, பிரமாதமாக!

பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். மாமனாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"மாமா, சத்துன்னா யூரியாதான் மாமா! உங்க பொண்ணு சொன்ன செடில இன்னா கீது?"

ஸ்டெல்லா டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, என் கன்னு நிறுக்க சொல்ல நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ. போட்டோ எடுத்துக்கினு இருந்தேன்."

"உங்க கன்னு நிறுக்க சொல்ல?"

டம்ளர் என் வாயருகே நின்றுவிட்டது. போனில் மாமனாரின் குரல் நிதானமாகக் கேட்டது.

"மாப்ள, அப்போ யூரியாவ நீங்களா துன்னீங்க?"

மறுபடி நிறுத்தோம். கன்றை நாலு பக்கமும் கயிறு கட்டினோம். எடைமேடைக்காரர் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, நீங்க இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். ஸ்டெல்லாவின் கன்று முந்திவிட்டது. என் கன்றும் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. ஆனால் அதைக் கேட்க அங்கே ஒருவரும் தயாராக இல்லை.

அடுத்த மழைக்கு முழு நிலத்திலும் முயல்மசால் விதைத்தோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் குழந்தையை எடை போட எடுத்தபோது வாசலிலிருந்து மாமனார் சொன்னாராம்: "சிஸ்டர், மொதல்ல மாப்ள எறங்கிட்டாரா பாரும்மா."

நான் மருந்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பினேன். அந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.